முக்காடு தைப்பவள்

வேலை முடிந்து வெளியே வருமுன் அவள் சுவரோரம் நின்று தன் மேல் ஒட்டியிருக்கும் நூலைப் பொறுக்குகிறாள். தோள், முழங்கை, இடுப்பு மடிப்பு, கடைசியாகச் செருப்பின் அடி. ஒரு கறுப்பு நூல்கூட அவளோடு வீட்டுக்கு வரக்கூடாது. இது கம்பெனி போட்ட சட்டமில்லை, அவளாக வைத்துக்கொண்டது. யாரும் படம் எடுத்துவிடாதபடி காலையில் அவள் கைபேசியின் கேமரா மேல் ஒட்டிய வட்டத் தாளை இப்போது உரித்துக்கொண்டே வாசல் காவல்காரப் பெண் கேலி செய்வாள்.

"நூலப் பாத்து யாரு அக்கா காரக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

"கண்டுபிடிக்கிற ஆளு எங்க வீட்டுலயே இருக்காரு. நீ வேலையப் பாரு."

கார் செய்யும் கம்பெனியில், சோதனை ஓட்டப் பிரிவில் அவளுக்குத் தையல் வேலை. விற்பனைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே புதுக் காரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஓட்டினால் ஊர் பார்க்கும். அதனால் வெளிப்புறம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிகள் ஒட்டி, கண்ணை ஏமாற்றி அனுப்புவார்கள். உள்ளே டேஷ்போர்டுக்குச் சுழி போதாது. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து எதிர்ப்பக்கக் கதவு வரைக்கும் கறுப்புத் துணியால் மூட வேண்டும். ஓட்டுநர்கள் அதை முக்காடு என்பார்கள். அதைத் தைக்கிறவள் முக்காட்டக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

துணியைப் போர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். துணி ஸ்டியரிங்கில் சிக்கக்கூடாது. காற்று வரும் துளையை அடைத்தால் முன்கண்ணாடி பனி மூடிப் போகும். இழுத்துத் தைத்தால் உள்ளே இருக்கிற உருவம் அப்படியே வெளியில் தெரியும். ஈரப் புடவை மாதிரி என்பாள். அதனால் மேடு இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து மேடு காட்டுவாள், பள்ளம் இருக்கும் இடத்தை நிரப்பிச் சமமாக்குவாள். இதற்கு முன் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே துணி சொன்னதைக் கேட்டது. இங்கே கேட்பதில்லை. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியிடம் பேசுவாள்: "அடங்கு. உன்ன மாதிரி எத்தனையப் பாத்திருக்கேன்."

இவ்வளவுக்கும் அவளுக்குக் காரைக் கண்டாலே ஆகாது. பின்சீட்டில் உட்கார்ந்தால் தெருமுனை திரும்புவதற்குள் வயிற்றைப் புரட்டும். இந்தக் காருக்காகப் பாதி உலகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், "எனக்கு அது மேடும் பள்ளமுமா ஒரு பலகை" என்பாள். வேலையில் சேரும்போது வாக்குக் கேட்டார்கள்: உள்ளே பார்த்ததை வெளியே வாயால் சொல்லக்கூடாது, வரைந்து காட்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகையைப் பற்றி யாரிடம் போய் என்னத்தைச் சொல்ல?

அந்த 'யார்' வீட்டில்தான் இருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். சாதாரண லாரி இல்லை. புதுக் கார்களை இரண்டு அடுக்காக முதுகில் ஏற்றிக்கொண்டு கடைகடையாக இறக்கிவிட்டு வரும் நீள லாரி. இப்போது ஓட்டுவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. இந்த நோயில் ஒரேயடியாக இருட்டாகிவிடாது. நேராகப் பார்ப்பது மட்டும் போய், ஓரப்பார்வை மிஞ்சும். கதவு தெரியும், கதவில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. வீட்டைத் திருத்தினாள். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்சைச் சுற்றிக் கறுப்புப் பட்டை ஒட்டினாள். பாலுக்குக் கறுப்புக் கோப்பை, காப்பிக்கு வெள்ளைக் கோப்பை. நாற்காலி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கும்; யார் நகர்த்தினாலும் திட்டு விழும். கண் சொட்டு மருந்தை அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கன்னத்தில் பாதி வழிந்தாலும் கை கொடுக்க மாட்டாள். தன்னால் முடிந்ததை ஒருவர் தானே செய்ய வேண்டும், அதில் பாவம் பார்த்தால் ஆள் படுத்துவிடும் என்பது அவள் கட்சி. சரியான கட்சிதான்.

அவரை ஓய்ந்துவிடாமல் வைத்திருந்தது இந்தக் கார். இதன் பழைய தலைமுறையை எத்தனையோ தடவை லாரியிலிருந்து இறக்கியிருக்கிறார். இறக்குவது என்றால் சாய்வுப் பலகையில் முதல் கியரில், பிரேக்கில் காலை வைத்தபடி ஊர்ந்து வருவது. அதற்குள் தரை வந்துவிடும். கடைக்காரன் சாவிக்குக் கையை நீட்டுவான். ஸ்டியரிங்குக்கு எதிரே டேஷ்போர்டில் இரண்டு வட்டக் குழிகள். பெரியதில் வேகம், சின்னதில் இன்ஜின் சுற்று. ஆழத்தில் ஒரு சிவப்பு முள். "அந்த முள்ளு படுத்த இடத்தைவிட்டு எழுந்து நான் பாத்ததே இல்ல. லேசா ஒரு அசைவு அசையும். தூக்கத்துல பொரண்டு படுக்கிற மாதிரி. அவ்ளோதான்" என்பார்.

புதிதாக வருவதில் அந்தக் குழிகள் இருக்குமா, இல்லை எல்லாரையும் போலத் தட்டையாக ஒரு கண்ணாடித் திரையை நிறுத்திவிடுவார்களா என்பதுதான் அவருடைய கவலை. உலகத்தில் அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. கசிந்த தகவல், கசிந்த படம் என்று கைபேசியில் நாள் முழுக்க எவனாவது கத்திக்கொண்டிருப்பான். இவர் ஒவ்வொன்றையும் கேட்டு, "இவன் புளுகுறான்", "இவன் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவன்" என்று மதிப்பெண் போடுவார்.

அவளிடம் நேராகக் கேட்க மாட்டார். வாக்கு கொடுத்தவள் என்று தெரியும். அதனால் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிட்டே வர்றேன். தப்பா இருந்தா இருமு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருமலுக்குத் தடை. மழைக்காலத்தில் அவளுக்கு நிஜமாகவே நெஞ்சுச்சளி கட்டியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போய் இருமிவிட்டு வருவாள். அதையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து, "அப்ப ஹேண்ட்பிரேக்கும் போச்சா?" என்று குரல் வரும். "ஒங்க வாய் போக மாட்டேங்குதே" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

முக்காட்டில் ஓட்டுநருக்கு நேரே ஒரு மடல் உண்டு. வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதை மேலே தூக்கிக்கொள்ளலாம்; வண்டி நின்றதும் கீழே தள்ளி மூட வேண்டும். முதலில் அதற்கு ஒட்டுப்பட்டைதான் வைத்திருந்தாள். பிரிக்கும்போதெல்லாம் 'கர்ர்' என்று கத்துகிறது, நாள் முழுக்க நரம்பைப் பிடித்து இழுக்கிறது என்று சோதனை ஓட்டுநர் முனகினார். பாவம் என்று, பட்டையைப் பிரித்துவிட்டுச் சின்னச் சின்னக் காந்தங்களை மடலின் ஓரத்தில் வைத்துத் தைத்தாள். சத்தமில்லாமல் மூடியது. கைவிட்டால் தானாக விழுந்தது. மேல் விளிம்பு காற்றில் பறக்காமலிருக்க அங்கேயும் நாலு காந்தம் வைத்துத் தைத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. மடலை முழுக்கத் தூக்கி மடித்தால் கீழ்க் காந்தம் மேல் காந்தத்தைப் பிடித்துக்கொண்டது. தானாக விழும் என்ற நினைப்பில் ஓட்டுநர் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஒன்றுக்குப் போனார். மடல் விழவில்லை. அந்த வழியாகப் போன எவனோ கண்ணாடியில் மூக்கை வைத்துப் படம் எடுத்துவிட்டான்.

மறுநாள் மேலாளர் முக்காட்டை மேசையில் போட்டு யாருடைய வேலை என்று விசாரித்தார். ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் அவள், "என் தையல்தான் சார். காந்தத்தக் காந்தம் புடிக்கும்னு யோசிக்கல" என்றாள். சாக்குச் சொல்லவில்லை. ஓட்டுநரைச் சோதனை ஓட்டத்திலிருந்து எடுத்துக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். அவளிடம், இன்னொரு முறை இந்தப் பிரிவிலிருந்து நூலளவு வெளியே போனாலும் வேலை கிடையாது என்றார்கள். அந்தச் சம்பளத்தில்தான் கணவரின் கண்ணுக்கு ஊசி போகிறது. காந்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, கத்துகிற பட்டையை மறுபடி வைத்துத் தைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கைபேசியைக் காதோரமாகப் பிடித்திருந்தார். அவர் பார்க்கிற விதம் அதுதான்.

"படம் வந்துடுச்சு. நெஜப் படம். எனக்கு ஒரே மங்கலா இருக்கு, நீ பாத்துச் சொல்லு. இது எல்லாரும் பாத்தது, இதச் சொன்னாத் தப்பில்ல."

வாங்கிப் பார்த்தாள். அவளுடைய தையல், அவளுடைய மடல். அதற்குக் கீழே இருட்டில் வளைவாக ஒரு விளிம்பு.

"வளைவா ஒரு ஓரம் தெரியுது. அவ்ளோதான்."

"குழியோட ஓரமா, கண்ணாடியில வரைஞ்ச வட்டமா? அதத்தான் ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான்."

"படத்துல தெரியல." அது உண்மை. பிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அன்று நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். காந்தம், மரத்தடி, மேலாளர், ஓட்டுநரின் கிடங்கு வேலை.

அவர் கைபேசியை அவள் கையிலிருந்து வாங்கி அணைத்தார். கார் வருவது அடுத்த வருஷக் கடைசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று காலையில்தான் கேட்டாராம். ஊசி போடும் டாக்டர், மிச்சமிருக்கிற ஓரப்பார்வையும் அதுவரை தாங்காது, இன்னும் மங்கும் என்று போன தடவையே சொல்லியிருந்தார்.

"அது வர்றப்ப எனக்கு எதுவும் தெரியப் போறதில்ல. குழியா இருந்தா என்ன, கண்ணாடியா இருந்தா என்ன. இனிமே கேக்க மாட்டேம்மா. நீ நல்லாவே இருமிக்கோ."

சொன்னபடியே இருந்தார். கத்துகிறவர்களின் குரல் வீட்டில் ஓய்ந்தது. கூப்பிட்டால் வந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார், சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். மற்ற நேரம் ஜன்னலோர நாற்காலியில் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியும்: முரண்டு பிடிக்கிறவரைச் சமாளித்துவிடலாம், சொன்னதையெல்லாம் கேட்கிறவரைத்தான் கவனிக்க வேண்டும். அவள் ஒரு நாள் சோற்றுக்கு நடுவே வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள். "தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான். துணி மடித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கமிருந்து ஏதாவது ஒரு தொணதொணப்பு வராதா என்று அவள் காது காத்துக்கிடந்தது. மேடும் பள்ளமுமான அந்தப் பலகையை இப்போது தைக்கும்போது அவள் கை அடிக்கடி நின்றது.

விடுமுறை நாளின் மதியம். அவரைக் கூடத்து மேசை முன்னால் உட்காரச் சொன்னாள். நாற்காலியை உள்ளே தள்ளி, பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்தாள். முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். தலையணைகளை எடுத்து வந்து மேசையில் சரிவாக அடுக்கினாள். துவாலையை முறுக்கிப் புருவம் மாதிரி வளைத்தாள். சமையலறையிலிருந்து ஒரு பெரிய கிண்ணமும் ஒரு சின்னக் கிண்ணமும் வந்தன. அவற்றைப் புருவத்துக்குக் கீழே, வாய் அவரைப் பார்த்திருக்கும்படி, தலையணைக்குள் அழுத்திச் சாய்த்து வைத்தாள்.

"என்ன பண்ற?"

"பேசாதீங்க. நானும் பேச மாட்டேன்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு போர்வையை விரித்தாள். உள்ளங்கையால் நீவினாள், மேட்டில் ஏற்றி இறக்கினாள், ஓரத்தைச் செருகினாள். கிண்ணங்களின் மேல் வந்ததும் துணியை விரலால் உள்ளே அழுத்தி அடி வரைக்கும் கொண்டுபோனாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு அவர் மடியில் கிடந்த இரண்டு கைகளையும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் போர்வை மேல் வைத்தாள்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. கை சும்மா கிடந்தது. பின் இடது கை ஓரத்திலிருந்து நகர்ந்தது. வலது கை எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கி, ஒரு மேட்டில் ஏறி, அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்தது. இரண்டு கையும் புருவத்தில் சந்தித்தன. அதைத் தடவிக்கொண்டு கீழே வந்த விரல்கள் சட்டென்று குழிக்குள் விழுந்தன.

மற்றக் கை பக்கத்திலிருந்த சின்னக் குழியைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்தது. முகத்தைத் திருப்பி அவளைப் பார்க்க முயலவில்லை; நேராக முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

பெரிய குழியின் இடது கீழ் ஓரத்தில், சிவப்பு முள் படுத்திருக்கும் இடத்தில், ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் மெல்லக் கிளம்பி, விளிம்பின் உள்பக்கமாகவே மேலே ஏறியது. பாதி வழியில் தலையணை அமுங்க, குழியின் வாய் தளர ஆரம்பித்தது. அவள் குனிந்து போர்வையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பற்றி இறுக்கி இழுத்தாள். விரல் உச்சியைத் தாண்டி வலப்பக்கம் சாயும்வரை, துணி தளராமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.