குடில் அறையில் ஒன்பது மூட்டைகள்

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியை எங்கள் பக்கத்தில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நாடு முழுக்கப் பட்டாசு அனுப்பும் சீமையில் பிறந்துவிட்டு, கம்பி மத்தாப்பைக்கூட அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய சபைக்குப் போதகராக இருந்தார். சபையில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அதனால் எங்கள் வீட்டு ஜெபத்தில் அன்றாட ஆகாரத்துக்கு முன்பே, கம்பெனிக்குப் போனவர்கள் முழுசாகத் திரும்ப வேண்டும் என்ற விண்ணப்பம் வந்துவிடும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் மூன்று பேர் திரும்பவில்லை. அவர்களில் ஒருத்தி எனக்கு ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அக்கா. காலையில் கம்பெனி வேன் எங்கள் வாசலுக்கு எதிரில்தான் நிற்கும். அக்கா ஏறுவதற்கு முன் கொலுசு, வளையல், செல்போன் எல்லாவற்றையும் கழற்றித் தன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். கம்பெனியில் திருட்டு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அடக்க ஆராதனையில் அந்த அம்மா கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். அழவில்லை, பாடவில்லை, அப்பா ஜெபித்தபோது கண்ணை மூடவும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா வீட்டில் தங்கியது குறைவு. ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம், துக்க வீடுகள் என்று சைக்கிளிலேயே அலைந்தார். கம்பெனிகளைச் சோதனைக்காக மூடியிருந்ததால் யாருக்கும் வேலையில்லை. "இம்புட்டு ஜெபிச்சும் ஏன்யா இப்படி ஆச்சு?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. சபை கலைந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் யாருக்குப் பயம் வந்தாலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு ஞாயிறு அப்பா பிரசங்கத்தில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். வெடிமருந்தில் நூலைத் தோய்த்துக் காயவைத்தால் அது கருந்திரி. அனுமதியில்லாமல் அதை வீட்டிலேயே செய்து கொடுப்பவர்கள் சபையில் பலர் இருந்தார்கள். "பிள்ளைக படுத்து உறங்குற எடத்துல அது வேண்டாம். இனி நம்ம சபையில ஒரு வீட்லயும் கருந்திரி இருக்கக் கூடாது" என்றார். சபையார் கீழ்ப்படிதல் உள்ளவர்கள். அந்த வாரமே வீட்டில் இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி, ஆலயத்தில் மணியடிக்கும் மாமாவிடம் ஒப்படைத்தார்கள். எங்கே வைப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஆலயத்திலேயே வைத்துவிட்டார்.

பீடத்துக்குப் பக்கத்தில், கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் கிடக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. அங்கே காது உடைந்த ஒரு மண் ஆட்டுக்குட்டி எனக்குச் சிநேகம். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அதைப் பார்க்கப் போனபோதுதான் ஒன்பது மூட்டைகளையும் பார்த்தேன். கந்தக நெடி மூக்கில் ஏறியது. பின்னாலேயே மணியடிக்கும் மாமா வந்துவிட்டார்.

"பாப்பா, ஐயாட்ட சொல்லிராத. ரெய்டு முடியவும் எடுத்துட்டுப் போயிருவேன். கோயிலுக்குள்ள போலீஸ் வர மாட்டாக. வீட்லதான வைக்கக் கூடாதுன்னாக ஐயா?"

வேதபுத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் சத்தியத்தை மீறிய பாவம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்காமலிருக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இறந்த மூவருக்கும் நினைவு ஆராதனை. வராமல் போனவர்களெல்லாம் அன்று வந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் பாயும் விரித்தார்கள். வெகுநாள் கழித்து அப்பாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் கையில்கூடக் கொடுத்தார்கள். தீ ஒவ்வொரு கையாகத் தாண்டிப் பின்வரிசை வரை போனது. அக்காவின் அம்மா முதல் பெஞ்சின் ஓரத்தில், குடில் அறைக் கதவையொட்டி உட்கார்ந்திருந்தார். மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்திருந்தார், மெழுகு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியைத் தவிர எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. நேரே பீடத்துக்குப் போய் அப்பாவின் அங்கியைப் பிடித்து இழுத்தேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"குடில் ரூம்ல கருந்திரி மூடை இருக்குப்பா."

"எம்புட்டு?"

"ஒம்போது."

அப்பாவின் உதடு வெளுத்துப்போனது. இப்போது கத்துவார், எல்லாரும் வாசலுக்கு ஓடி ஒருவரையொருவர் மிதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, மைக்கிலிருந்து கையை எடுத்து, வழக்கமான குரலில் பேசினார்.

"உள்ள ரொம்ப வெக்கையா இருக்கு. இருக்க எடத்துலயே மெழுகுவர்த்திய அணைச்சிருங்க. வெளிய வேப்பமரத்தடியில வச்சு ஜெபிப்போம். பிள்ளைக முதல்ல. பாடிக்கிட்டே போங்க."

அப்பா பொய் சொல்கிறார்! அதுவும் பீடத்தில் நின்றுகொண்டு! பயத்துக்கு நடுவிலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லாரும் பாடிக்கொண்டே வெளியேறினார்கள். கடைசியாக வந்த அப்பா வாசற்படியில் நின்று, கைக்கடிகாரத்தையும் செல்போனையும் கழற்றி என் கையில் கொடுத்தார். செருப்பை விட்டார். டெரிலின் அங்கியை உருவிப்போட்டார். பனியனும் பருத்தி வேட்டியுமாகக் குழாயடிக்குப் போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, திரும்ப உள்ளே போனார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு போதகர் பனியனோடு நின்றது எனக்கு மானக்கேடாக இருந்தது.

சுற்றுச்சுவர் வேலைக்காக ஆலயத்தின் பின்னால் தண்ணீர் நிறைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. வேப்பமரத்தடியிலிருந்து அது தெரியாது; நான் மட்டும் சுவர் மூலையில் நின்று எட்டிப் பார்த்தேன். அப்பா முதல் மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கி வந்து அதில் இறக்கினார். மணியடிக்கும் மாமா அழுதுகொண்டே சட்டையைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் நான்கைந்து ஆண்கள், யாரும் கூப்பிடாமலே, சட்டையையும் அரைஞாணையும் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அக்காவின் அம்மா எங்கிருந்தோ வந்து என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்து பாடினார். தொண்டை கிழியப் பாடினார். கூடவே மற்றப் பெண்களும் குரலை உயர்த்தினார்கள். என் கையைக் கடிகாரத்தோடு சேர்த்து அவர் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

ஒன்பது மூட்டையும் நனைந்து முடிந்தன. வீட்டுக்கு வந்த அப்பாவால் தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் குடிக்க வைத்தார். "வெக்கைன்னு பொய் சொன்னீங்களேப்பா" என்று கேட்டேன். "ஆமா தாயி, சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அந்தப் பொய்யை ஊரே நம்பிவிட்டது, உண்மை எனக்கும் அப்பாவுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும்தான் தெரியும் என்று பல வருடம் பெருமையாக இருந்தேன்.

படிப்பு முடித்து ஒரு கம்பெனி ஆபீசில் சேர்ந்த பிறகு, ஒருநாள் மருந்து கலக்கும் அறைப் பக்கம் போக வேண்டியிருந்தது. வாசலில் நின்ற பெண் கையை நீட்டினாள். "வாட்ச்சு, செல்லு, செருப்பு, அந்த நைலான் துப்பட்டா எல்லாம் இங்கன வச்சிட்டுப் போங்கக்கா. ஒரு பொறி போதும்" என்றாள்.

கடிகாரத்தைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டேன். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் தினமும் காலையில் அதைச் செய்துவிட்டு உள்ளே போகிறவர்கள். அப்பா கடிகாரத்தைக் கழற்றிய அந்த நொடியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர்கூட ஓடவில்லை. தெரியாதவர்கள் மற்றப் பிள்ளைகள் மட்டும்தான். உள்ளே நடப்பது அவர்களுக்குக் கேட்கக் கூடாதென்றுதான் அத்தனை சத்தமாகப் பாடியிருக்கிறார்கள்.

வேன் நின்ற இடத்தில் கொலுசை வாங்கிக்கொண்டு நின்ற அந்த அம்மா, அன்று என் கையில் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். "கை வலிக்குது, விடுங்க" என்று நான் சிணுங்கினேன். அப்பா வெளியே வரும்வரை அவர் விடவில்லை.