எனக்குக் கெட்ட பெயர் என்று சொல்ல ஆள் தேடினேன்

கலியாணச் சமையல் ஒரு விசித்திரமான தொழில்: ருசியாக இருந்தால் பெண் வீட்டாருக்குப் பெயர், உப்புக் கூடினால் சமையல்காரனுக்குப் பெயர். ஊருக்குச் சமைத்துப் பேச்சு வாங்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெயரை ஒரு பத்திரிகை கெடுத்துவிட்டால், கெட்டது என்று நிரூபிப்பது எப்படி? அது நான் அலைந்து அறிந்துகொண்ட விஷயம்.

அந்தப் ‘பிரபல’ நான்தான்

துணுக்காயில் ஒரு கலியாணம். வந்தவர்களில் பதினைந்து பேருக்கு வயிற்றோட்டம். இரண்டாம் நாள் பத்திரிகையில், மாங்குளத்தைச் சேர்ந்த பிரபல சமையல்காரர் பழுதான தேங்காய்ப்பாலில் சமைத்ததே காரணம் என்று செய்தி. தேங்காய் அன்று விடியத்தான் துருவியது. அந்த வயிற்று வருத்தம் வந்தது வாசலில் விற்ற சர்பத்தால் என்று சுகாதாரப் பரிசோதகர் எழுதியும் கொடுத்தார். பத்திரிகை அதைப் போடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அகப்பை பிடித்தவன் நான். எனக்கு அழுகையே வந்தது. வழக்குப் போடுவதென்று முடிவு செய்தேன்.

எனக்காக வழக்குப் பேச வந்த சட்டத்தரணி அம்மா செய்தியை இரண்டு தரம் வாசித்தா. “இதிலை உங்கடை பேர் இல்லை. இது நீங்கள்தான் எண்டு சனத்துக்கு விளங்கினது எண்டு முதல்லை காட்டவேணும்” என்றா. சந்தித் தேநீர்க்கடைக்காரரிடம் போய், செய்தியைக் காட்டி, இது யாரென்று தெரிந்ததா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “பேர் போட்டிருந்தாலும் இவ்வளவு கெதியாக் கண்டுபிடிச்சிருக்கமாட்டம், அண்ணை!”

தள்ளிப்போன கலியாணங்கள்

அடுத்து, தொழில் கெட்டது என்று காட்டவேண்டும். எனக்குச் சொல்லிவைத்திருந்த மூன்று கலியாணங்கள் கைவிட்டுப் போயிருந்தன. ஆனால் எங்கள் சனம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லாது. ஒரு வீட்டில் சொந்தத்தில் சாவு, துடக்கு என்றார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். பத்திரிகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்காரர் கலியாணத்தைத் தள்ளிவைத்ததாகச் சொன்னார். இரண்டு கிழமையில் அழைப்பிதழும் கொண்டுவந்து தந்தார். போனேன். பந்தலுக்குப் பின்னால் முள்ளியவளைச் சிவலிங்கத்தின் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. சிவலிங்கம் எனக்குத் தொழிலில் நேர்ப் போட்டி. ஏழெட்டு வருடமாக எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கண்ட பெண்ணின் தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “நெடுகச் சமைக்கிறியள். ஒருநாளெண்டாலும் இருந்து சாப்பிடவேணும் எண்டுதான்…”

விட்டுக்கொடுக்காத சாட்சி

என்னைத் தெரிந்த மதிப்பான ஆள் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவரச் சொன்னா சட்டத்தரணி அம்மா. எங்கள் கோயில் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். அன்னதானச் சமையல் எப்போதும் என்னுடையதுதான். வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, கூண்டில் ஏறினார். செய்தியை வாசித்த பிறகு என்னைப் பற்றிக் குறைவாக நினைத்தாரா என்று பத்திரிகையின் சட்டத்தரணி கேட்டார். “ஒருக்காலும் இல்லை, ஐயா! அவரின்டை பேர் இப்ப முந்தியையும் விடக் கூடியிருக்கு” என்றார் தலைவர். பத்திரிகையின் சட்டத்தரணி நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் சட்டத்தரணி அம்மா நெற்றியில் கையை வைத்தா. எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என்னில் அன்பான எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். என் பெயர் கெட்டது என்று சொல்ல, என்னில் அன்பில்லாத, பொய்யும் சொல்லாத ஒரு ஆளுக்கு எங்கே போவேன்? தலைவர் வெளியே வந்து என் தோளில் தட்டினார்: “எப்பிடித் தம்பி, விட்டுக்குடுக்காமல் சொன்னன் பாத்தியே?”

போட்டிக்காரன்

“அந்த மூண்டு கலியாணத்தையும் ஆர் சமைச்சது?” என்று கேட்டா சட்டத்தரணி அம்மா. மூன்றையும் சிவலிங்கம்தான். வெட்கத்தை விட்டு முள்ளியவளைக்கு பஸ் ஏறினேன். அவர் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல வரவேண்டும் என்று நான் கேட்டதும், கத்தியைக் கழுவி வைத்தார். எந்தத் திகதி என்று மட்டும் கேட்டார்.

அன்று கூண்டில் அவர் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மூன்று வீட்டாரும் அந்தச் செய்தியைச் சொல்லித்தான் தன்னிடம் வந்தார்கள் என்றார். நீங்கள் இவருக்குச் சிநேகிதரோ என்று பத்திரிகையின் சட்டத்தரணி கேட்க, இல்லை, இவருடைய சாம்பார் எனக்குப் பிடிக்காது என்றார். அடுத்த தவணைக்குப் பத்திரிகை சமாதானத்துக்கு வந்தது. என் பெயரைப் போட்டு, செய்தி பிழை என்று மன்னிப்பும் அச்சடித்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டி நன்றி சொன்னபோது, சிவலிங்கம் பூசணிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: “உம்மை வெல்லவேணும் எண்டு எனக்கு ஆசைதான். பேப்பர் பறிச்சுத் தந்த கலியாணத்தை நான் வெண்டது எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

ஆகவே, அகப்பை பிடிக்கும் அன்பர்களே, நல்ல சிநேகிதரைக் கலியாணத்துக்குக் கூப்பிடுங்கள், நீதிமன்றத்துக்கு ஒரு நேர்மையான போட்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.