எடுக்க முடியாத பச்சைப் பெட்டி

1. வியாழக்கிழமை

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. கலெக்டர் கச்சேரியின் சுவர்க் கடிகாரம் மூன்றாவது மணியை அடித்து ஓய்ந்தபோது, ஸ்ரீரங்கம் வக்கீல் வரதாச்சாரியார் எங்கள் வராந்தாப் படியில் அப்போதுதான் கால் வைத்தார். தேர்தலிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. அதை மூன்று மணிக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

நான் அப்போது எலெக்‌ஷன் செக்‌ஷனில் ஹெட் கிளார்க். இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் விதிப் புத்தகத்தை நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். ஒரு விதி ஒரு குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது சட்டசபைக்கு ஒரே ஓர் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தல். மூன்று பேர் நின்றார்கள். ஆளும் பெரிய கட்சியின் வேட்பாளர் ஒருவர். அவரை எதிர்த்து இரண்டு சின்னக் கட்சிகள். ஒன்றுக்கு வரதாச்சாரியார். மற்றொன்றுக்கு மாணிக்கம். மாணிக்கம் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து, சங்கம் வைத்ததற்காக வேலை போனவர். இரண்டு பேரும் நின்றால் எதிர் ஓட்டு இரண்டாகப் பிரியும், பெரிய கட்சி சிரமப்படாமல் ஜெயிக்கும். இது ஊருக்கே தெரிந்த கணக்கு.

இந்த இரண்டு கட்சிகளையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தவன் என் மகன் சண்முகம். பி.ஏ. முடித்து வேலை தேடாமல் ஒரு வருஷம் இதற்கே அலைந்தான். பொன்மலைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சைக்கிள் மிதித்தே இளைத்துப் போனான். இரண்டு கட்சிகளும் சேர்ந்து கேட்பதாக இரண்டு கோரிக்கைகளை எழுதி வாங்கியிருந்தான். வரி கட்டுகிறவனுக்கு மட்டுமல்ல, வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வேண்டும். ஓட்டுப் போடுகிறவர் தமக்கு முதலில் பிடித்தவர் யார், அடுத்தபடியாகப் பிடித்தவர் யார் என்று இரண்டையும் சொல்ல இடம் வேண்டும்.

"அப்படி ஒரு முறை வந்துட்டா யாரும் யாருக்காகவும் விலக வேண்டாம்பா. முதல் ஆளு தோத்தா அந்த ஓட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்பான் சாப்பிடும்போது.

"ஒரு பெட்டியில போடவே திரைக்குப் பின்னால கால் மணி நேரம் நின்னு யோசிக்கிறாங்கடா. ரெண்டுன்னா பாய் தலகாணியோட வருவாங்க" என்றேன் ஒரு நாள்.

"சிரிங்க. இந்த ஒரு இடத்தையாவது பிடிச்சாத்தான் சட்டசபையில இதைப் பேசவே முடியும்" என்றவன், கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டுச் சொன்னான். "இதுவும் போச்சுன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்பா. ரங்கூன்ல செட்டியார் கடையில கணக்கெழுதக் கூப்பிடுறாங்க. போயிடுவேன்."

அவன் சொன்னால் செய்கிறவன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சர்க்கார் சம்பளம் வாங்குகிற நான் எந்தக் கட்சியும் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கலாம் அல்லவா? அதைத்தான் நினைத்தேன்.

யார் விலகுவது என்ற பேச்சு கடைசி நாள் வரை இழுத்து, அந்த வியாழக்கிழமை மதியம்தான் முடிந்தது. வரதாச்சாரியாரே முன்வந்து, "நான் விலகறேன், மாணிக்கம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பெரிய மனசு. அதை இன்றும் சொல்வேன். கடிதத்தை வேட்பாளரே நேரில் வந்து தேர்தல் அதிகாரி கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டரை மணிக்கே அவருடைய ஜட்கா வண்டி கச்சேரி வாசல் புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம்.

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே போனேன். கடைசி நேரத்தை எல்லாக் கட்சிக்காரருக்கும் நினைவுபடுத்துவது என் வேலைதான்.

"சாமி, மணியாகுது. உள்ளே வாங்க."

"தெரியும் பிள்ளைவாள். மூணு அடிக்கறதுக்கும் நான் உள்ளே வரதுக்கும் சரியா இருக்கும்."

"மூணுக்கு முன்னாலன்னு போட்டிருக்கு."

மாணிக்கம் ஜட்காவின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாமி, உங்க காலைப் பிடிக்கிறேன், இறங்குங்க. எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல!"

"உமக்கு இல்லைங்காணும், அதனாலதான் உமக்கும் சேர்த்து நான் பார்க்க வேண்டியிருக்கு" என்றார் வரதாச்சாரியார். "எனக்காகன்னா இப்பவே இறங்கிடுவேன். உமக்கு விட்டுக்கொடுக்கற காரியம். ராகுகாலத்துல நடந்தா உமக்கே ஆகாது. கொஞ்சம் பொறுமையா இரும்."

சண்முகம் வண்டிக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று அடித்தது. தேர்தல் அதிகாரி கலீல் சாஹிப் நல்ல மனிதர். பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடிதான் இருந்தார். ஆனால் பெரிய கட்சியின் ஏஜென்ட் காலையிலிருந்தே எதிர் நாற்காலியில் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மணி அடிச்சாச்சு சார். இதை நீங்க வாங்கினா நான் ஹைகோர்ட்டுக்குப் போவேன்" என்றார்.

கலீல் சாஹிப் பேனாவைக் கீழே வைத்தார். "வக்கீல் சாப், நீங்களே சட்டம் படிச்சவங்க. நான் என்ன செய்யட்டும்? அல்லா மேல ஆணையா, ஒரு நிமிஷம் முன்னால வந்திருந்தீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன்."

சண்முகம் என் மேஜையருகில் வந்து நின்றான். "சார்" என்று கூப்பிட்டான். கச்சேரியில் அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "வேற வழி எதுவும் இருக்கா சார்?"

"இல்லை" என்றேன். இல்லைதான். எத்தனையோ முறை அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டேன். இல்லை.

2. கேட்காத ஓட்டு

அந்தக் காலத்து ஓட்டுமுறையை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பலருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், பிடித்த நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். மாணிக்கத்துக்குச் சிவப்பு, வரதாச்சாரியாருக்குப் பச்சை, பெரிய கட்சிக்கு நீலம். விலகல் கடிதம் ஏற்கப்படாததால் பச்சைப் பெட்டியும் எல்லாச் சாவடிக்கும் போயாக வேண்டும். கட்சிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் அது விதிக்குத் தெரியாது. வேட்பாளர் பட்டியல் ஒன்றுதான் தெரியும்.

வரதாச்சாரியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் முதல் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி எல்லாம் நடந்தே போய், வாசலுக்கு வாசல் நின்று சொன்னார். "எனக்குப் போடாதீங்கோ. பச்சைப் பெட்டி பக்கம் போகவே வேண்டாம். சிவப்புல போடுங்கோ."

இப்படி ஒரு பிரசாரத்தை ஊர் பார்த்ததில்லை.

"நாங்க என்ன அபசாரம் பண்ணினோம் ஸ்வாமி, எங்க ஓட்டு வேண்டாங்கறேளே?" என்று ஒரு அம்மாள் கண்கலங்கிக் கேட்டாளாம். "ஓட்டுக்குப் பல்லிளிக்கறவா மத்தியில வேண்டாங்கற மனுஷன் இவர் ஒருத்தர்தான் ஓய். இவருக்குப் போடாம யாருக்குப் போடறது?" என்று மடப்பள்ளிக்காரர் ஒருவர் தெருவில் நின்று பேசினாராம். சண்முகம் இவற்றை வந்து சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தான். முகம் சிரிக்கவில்லை.

பொன்மலையில் வேறு மாதிரி. "பச்சைக்காரருக்கே பச்சை வேண்டாமாம். சிவப்புக்காரன் எவ்வளவு அழுத்தினானோ!" என்று பெரிய கட்சிக்காரர்கள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் சத்தம் போட்டார்கள். மாணிக்கத்தின் ஆட்களே அவரைக் கேட்டார்கள். "தோழரே, அந்த ஐயரு நிசமாவே விலகுனாரா, இல்ல உங்களைக் கவுக்குறாரா? விலகினா பேரு ஏன் இன்னும் இருக்கு?" மாணிக்கம் ஜட்கா கதையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. படித்த வக்கீல் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து நேரத்தை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

ஓட்டுப்பதிவு நாளில் ஸ்ரீரங்கம் சாவடிகளைச் சுற்றிப்பார்க்கிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்துச் சாவடி ஒன்றில் பெரியவர் ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். போனவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"பச்சை உள்ளேதானே இருக்கு? எடுத்துடலையே?"

"இருக்கு ஐயா" என்றார் சாவடி அதிகாரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை. சீட்டு விழுகிற சத்தம் கேட்டது.

3. எண்ணிக்கை

அடுத்த வாரம் சனிக்கிழமை எண்ணினோம். நீலம் ஜெயித்தது. நீலத்துக்கும் சிவப்புக்கும் இருந்த வித்தியாசத்தைவிடப் பச்சைப் பெட்டியில் கிடந்தது அதிகம். அந்தச் சீட்டுகளை நானே கட்டுக் கட்டி முத்திரை வைத்தேன். அவ்வளவும் அன்பினால் போட்ட ஓட்டு. அன்பினாலேயே அந்த மனிதரின் சொல்லைத் தோற்கடித்தார்கள்.

மாணிக்கம் என்னிடம் வந்து, "உங்க பையனைப் பார்த்துக்குங்க பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நான் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். எல்லா வேட்பாளர்களும் சம்மதித்தால் ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் வரை விலக இடம் தரலாம், ஓட்டரே அடுத்த விருப்பத்தைச் சொல்ல இடம் தரலாம் என்று. அடுத்த விருப்பம் என்பது சண்முகத்தின் யோசனை. அவன் பெயரைப் போடவில்லை. "நடவடிக்கை தேவையில்லை" என்று திரும்பி வந்தது. இரண்டு கட்சிகள் சேர்ந்தால்தான் அந்தச் சீர்திருத்தம் வரும். அந்தச் சீர்திருத்தம் வந்தால்தான் இரண்டு கட்சிகள் பயமில்லாமல் சேர முடியும். இதிலிருந்து வெளியே வர எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு கடிதம் விலகல் கடிதம் என்று தெரிந்தால், அதைக் கொண்டுவருகிறவரைக் கடைசி நாள் வரை காத்திருக்க விடாதீர்கள். வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள், முந்தின நாளே வரச் சொல்லுங்கள். நல்லவர்கள்தான் அதிகம் தாமதிப்பார்கள்.

4. திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை எட்டு மணி வண்டிக்குச் சண்முகம் சென்னைக்குக் கிளம்பினான். அங்கிருந்து ரங்கூன் கப்பல்.

திருவானைக்காவல் வீட்டு வாசலில் அவன் அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏழரைக்கு ராகுகாலம் பொறக்குதுடா. எட்டு மணிக்கு ரயில் ஏறாதடா கண்ணு. நாளைக்குப் போ. ஒரு நாள்தானே?"

"போதும்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

ஜங்ஷனில் வண்டி நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "மாத்திரையைச் சாப்பிடுங்கப்பா" என்றான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. சில வருஷங்கள் கடிதம் வந்துகொண்டிருந்தது. யுத்தம் ரங்கூனுக்குப் போன பிறகு வரவில்லை. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் நம் ஜில்லாக்காரர்கள் யார் திரும்பினாலும் போய் விசாரிக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

அன்று ஜங்ஷனிலிருந்து வீடு திரும்பினேன். கச்சேரிக்குப் போகத் தோன்றவில்லை. அவன் அம்மா அடுப்பு மூட்டவில்லை. பத்து மணி இருக்கும். வாசலில் ஜட்கா வந்து நின்றது. வரதாச்சாரியார் இறங்கினார். அந்த வாரம் முழுக்க அலைந்ததில் கால் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பிள்ளைவாள், ராத்திரி மாணிக்கத்தோட பேசிட்டேன். அவருக்கு என்மேல கோபமில்லை. ரெண்டு கட்சியும் ஒண்ணாவே ஆயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். காரியதரிசி உம்ம பிள்ளைதான், வேற யாரும் வேண்டாம்னுட்டார். விடிஞ்சதும் வந்து சொல்லணும்னுதான் பார்த்தேன். கிளம்பறச்சே ஏழரை ஆயிடுத்து. நல்ல சமாசாரமாச்சே, ஒம்பது தாண்டட்டும்னு உட்கார்ந்துட்டேன். எங்கே சண்முகம்? கூப்பிடுங்கோ."