ஊதினால் தெரியும் முகம்

கல்லைத் தேய்க்கத் தொடங்கும் முன் பூவராகவன் அதன்மேல் ஊதுவார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் முன் ஊதுவோமே, அப்படி வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு ‘ஹா’. உடனே கன்னம் கல்லில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மூச்சின் ஈரம் ஒட்டாத கோடுகள் ஒரு நொடி தெரிந்து மறையும். “யாரோ இருக்காங்க” என்பார், வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர் மாதிரி. பிறகுதான் தண்ணீர் விடுவார்.

டெல்லியில் ஓர் ஓவியக் கல்லூரியின் கல்லச்சுக் கூடத்தில் அவருக்கு வேலை. மாணவர்கள் எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் கல்லில் வரைவார்கள். பசை உள்ள இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரை. படம் அச்சானதும் கார்போரண்டம் தூளைத் தூவி, இரும்பு வட்டைச் சுழற்றித் தேய்த்து, அடுத்தவருக்கு வெறுங்கல்லாகக் கொடுக்க வேண்டும். தேய்த்தது போதாவிட்டால் உள்ளே இறங்கிய பசை பழைய படத்தை மேலே கொண்டுவரும். அந்தத் தூளைக் கொடுக்கும் ஸ்டோர் கிளார்க் நான். இருவருக்கும் கிட்வாய் நகரில் ஜாகை, ஒரே பஸ்.

“என்ன தம்பி, உங்க புஸ்தகத்துல வரியெல்லாம் பாதியிலயே நிக்குது?” என்று என் கவிதைப் பத்திரிகையை எட்டிப் பார்த்துக் கேட்பார். நான் சிரித்து வைப்பேன்.

எழுபத்தொன்பது மழைக்காலத்தில், சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி பாப்பம்மாளை ஒரு வங்காளி மாணவி ஸ்டூலில் உட்காரவைத்து ஏழாம் நம்பர் கல்லில் வரைந்தாள். அகன்ற நெற்றி, ஒற்றை மூக்குத்தி. பார்வை மட்டும் கூச்சத்தில் எங்கோ ஓரமாக. அந்தப் பனிக்காலத்திலேயே பாப்பம்மாள் நிமோனியாவில் இறந்துபோனாள். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அச்சடித்த படங்கள் மாணவியோடு கல்கத்தா போய்விட்டன. காரியம் முடிந்து பூவராகவன் வேலைக்கு வந்த அன்று, ஏழாம் நம்பர் கல் தேய்க்கக் காத்திருந்தது. வட்டு சுழலும் சத்தம் சாயங்காலம் வரை ஸ்டோருக்குக் கேட்டது.

மார்ச்சில் ஒருவன் அந்தக் கல்லில் யமுனைப் பாலத்தை வரைந்தான். அச்சில் பாலத்துக்கு மேல், பனிமூட்டத்துக்குள் ஒரு நெற்றி. அடுத்து ஒரு பெண் காலி நாற்காலியை வரைந்தாள். அச்சில் அது காலியாக இல்லை. கண்கள் நேராகத் தன்னைப் பார்க்கின்றன என்றாள். நான் பார்த்தபோது என்னைப் பார்த்தன.

துறை ஆசிரியர் கஸ்தூரிரங்கன் கத்தினார். “யோவ், பசங்கள்ளாம் உன்னை காம்சோர், வேலைக்கள்ளன்ங்கறா. இன்னும் ஒரு படம் கெட்டுதுன்னா கல் பக்கமே விடமாட்டேன். கேட்ல போய் நிக்க வேண்டியதுதான்.”

“தேய்ச்சுட்டேன் சார்.”

“தேய்ச்சா எப்படிய்யா வரும்?”

“அதான் எனக்கும் தெரியல சார்.”

அந்த வாரம் மூன்று முறை தூளுக்கு வந்தார். “இப்பதானே அண்ணே கொடுத்தேன்?” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் கொடுங்க தம்பி. இந்த வேலைய விட்டா எனக்கு என்ன தெரியும்?” நீட்டிய கையில் விரல்நுனிகள் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தன.

மூன்றாவது படத்திலும் அவள் வந்தாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் வாய் திறக்காத நான் கஸ்தூரிரங்கனின் அறைக்குப் போனேன்.

“சார், அது அவர் சம்சாரம். அவங்களுக்குன்னு இருக்கிறது அந்த ஒரே படம்தான். அழிக்க மனசு வராம மேலோட்டமா தேய்ச்சிருப்பார். கோவிச்சுக்காதீங்க.”

“ஆக, வேணும்னேதான் பண்ணியிருக்கான்,” என்றார்.

திங்கட்கிழமை பூவராகவன் காக்கி மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். பஸ்ஸில், “தேய்ச்சேன்னு உங்ககிட்டயும் சொன்னேனே தம்பி,” என்றார். மறுநாள் வேறு சீட்டில் உட்கார்ந்தார். வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் போய்விட்டார்.

ஏழாம் நம்பர் கல்லை அதன்பின் யாரும் தொடவில்லை. எண்பத்திரண்டில், விவரம் தெரியாத புது ஆள் அதை எடுத்து அச்சு யந்திரத்தில் ஏற்றி அழுத்த, இரண்டாகப் பிளந்தது. துண்டுகளை ஸ்டோரில் கொண்டுவந்து போட்டார்கள். ஊதிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரே நாளில், ஒரே கனத்தில் வாங்கிய பன்னிரண்டு கற்களில் பதினொன்று இன்னும் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தன. ஏழாம் நம்பர் ஓர் அங்குலம்கூட இல்லை.