ரீச்சரின் நவம்பர்ப் பட்டியல்

பிலோமினா ரீச்சர் இறந்த செய்தி, பார்க் எக்ஸ்டென்ஷனில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில், கையில் பால் பெட்டியோடு நின்றபோது எனக்குக் கிடைத்தது. "அண்ணை, ரீச்சர் விடிய மோசம் போயிட்டா," என்றான் கடைக்கார ரவி. நல்ல மனிதன் ஒருவன் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பான். எனக்கோ, 'ஐயோ, இந்த நவம்பர் யார் எழுந்து நிற்கப்போகிறார்கள்?' என்றுதான் முதலில் தோன்றியது. ரீச்சரை அறிந்த உங்களுக்கு இது விளங்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தேவாலயப் பங்கில் நவம்பர் இறந்தவர்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுத் தரும். அவற்றைப் பூசைக்கு முன் வாசிப்பது பங்குச் சபைச் செயலாளரின் வேலை. வேறு ஒருவரும் முன்வராததால் பல வருடங்களாக அந்தச் செயலாளர் நான்தான். ஒரு வருடம் ரீச்சரின் உறையைத் திறந்தேன். தகப்பன், தாய், கணவன். அவர்களுக்குக் கீழே ஒன்பது வெள்ளைக்காரப் பெயர்கள். மகள் கர்க்லாண்டில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்ததால், சம்பந்தி வீட்டாரோ என்று கேட்டேன்.

"இல்லை. அமெரிக்காவின்ரை வெளிநாட்டு அலுவல்களை நடத்தினவை. செத்துப்போன ஆக்கள்," என்றார்.

ரீச்சர் ஊரில் உலக வரலாறு படிப்பித்தவர். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் தையல் ஆலையில் காற்சட்டைகளுக்குப் பை தைத்தார். வலப்பக்க மெசினில் சிலி நாட்டுப் பெண், இடப்பக்கத்தில் வியட்நாம் பெண், எதிரே குவாத்தமாலாக்காரி. சாப்பாட்டு நேரத்தில், நீ ஏன் இங்கே வந்தாய் என்று ஒருவரையொருவர் அரைகுறைப் பிரெஞ்சில் விசாரிப்பார்களாம். ஒவ்வொருத்தியின் கதையும் எங்கெங்கோ சுற்றி, வாஷிங்டனில் ஒரு மேசையில் போய் நிற்குமாம். ரீச்சர் நூலகத்துக்குப் போய், அந்த மேசைகளில் இருந்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்தார். "நான் புத்தகத்திலை படிப்பிச்சதெல்லாம் இப்ப என்ரை வரிசையிலை இருந்து பொத்தான் தைக்குது," என்று ஒருமுறை சொன்னார்.

பட்டியலில் எல்லாரும் நாசம் செய்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு உதவி அனுப்பத் திட்டம் போட்டவரும் இருந்தார். ரீச்சரின் வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கர், சின்ன வயதில் அந்த உதவி மாவில் சுட்ட பாணைத் தின்று வளர்ந்தவராம். மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மணியும் இருந்தார். ரீச்சர் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கவில்லை. இறந்த ஒழுங்கிலேயே எழுதியிருந்தார். பெயர்களை நான் இங்கே தரப்போவதில்லை. தந்தால் என்னைப் பாதியில் விட்டுவிட்டுக் கணினியில் தேடப் போய்விடுவீர்கள்.

பங்குச் சபைத் தலைவர் தாளைப் பார்த்து வியர்த்துப்போனார். அந்த வருடம் அவர் நியூ ஜேர்சி மைத்துனரிடம் போவதற்கு அமெரிக்க விசா கேட்டிருந்தார் என்பதை நான் சொன்னதாக நீங்கள் யாரிடமும் சொல்லவேண்டாம். வெட்டச் சொன்னார். வெட்டினேன். என் வீரமெல்லாம் எழுத்தோடு சரி.

அந்த ஞாயிறு ரீச்சரின் கணவர் பெயரோடு நிறுத்தி, அடுத்த குடும்பத்துக்குத் தாவினேன். மூன்றாவது வரிசை வாங்கில் ரீச்சர் எழுந்தார். ஐந்தடிக்கும் குறைவான உருவம், ஊதா நிறக் குளிரங்கி. மீதி ஒன்பது பெயர்களையும், வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதைப்போல ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத் திரும்ப அமர்ந்தார். பூசை முடிந்ததும் தலைவர் வாசலில் மறித்தார்.

"ஏன் ரீச்சர், ஆண்டவருக்கு இவையளைத் தெரியாதோ?"

"ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிக்கச் சொல்லுறியள், சரி. ஆரை எண்டு சொல்லாமல் எப்பிடி மன்னிக்கிறது?"

அதன்பின் ஐந்து நவம்பர்களும் இதே கூத்துத்தான். நான் வெட்டுவேன், அவர் எழுந்து வாசிப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாகவே இருந்தது. தலைவரிடமும் நல்ல பெயர், மனச்சாட்சியின் வேலையைச் செய்யவும் ஓர் ஆள்.

செத்தவீட்டில் மகள் உறையைக் கொண்டுவந்து தந்தார். "அங்கிள், ஆஸ்பத்திரியிலை வருத்தம் கடுமையாக முன்னமே எழுதி வைச்சிட்டா. உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவ. இந்தமுறை அவர் வெட்டமாட்டார் எண்டவ."

ஒவ்வொரு வருடமும் வெட்டியவனைப் பற்றி இப்படி ஒரு நம்பிக்கை.

பட்டியல் வாசிக்கும் ஞாயிறும் ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவும் ஒன்றாக வந்தன. தகப்பன், தாய், கணவன் என்று வாசித்தேன். பிலோமினா என்றும் வாசித்தேன். அதோடு நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் என் கண் மூன்றாவது வாங்குக்குப் போனது. அங்கே ஒருவரும் எழவில்லை. முன்வாங்கில் தலைவர், வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். நான் தாளை மறுபடி தூக்கிப் பிடித்தேன். அப்படியே ஒன்பதையும் வாசித்தேன். உச்சரிப்புப் படுமோசம். ஆலைத் தோழிகள் கடைசி வாங்கில் வந்திருந்தார்கள். அந்தத் தமிழ்ப் பூசையில் அவர்களுக்கு விளங்கியிருக்கக்கூடியவை அந்தப் பெயர்கள் மட்டும்தான். ஏழாவது பெயரில் சிலிப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அதை இன்னொரு தரம், கொஞ்சம் திருத்தமாக வாசித்தேன்.

மற்ற உறைகளெல்லாம் பீடத்துக்குப் போயின. ரீச்சரின் தாளை நான் வைத்துக்கொண்டேன். அதன் பின்புறத்தில் பென்சிலால் இன்னும் நான்கு பெயர்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, பிள்ளையாக இருந்தபோது அகதியாய் வந்து, அந்த மேசைவரை ஏறிய ஒரு பெண்ணுடையது. அடியில் ரீச்சரின் உருண்டை எழுத்து: "இவை இன்னும் உயிரோடை. பேந்து சேர்க்கவும்."

பேந்து, அதாவது அவர்கள் போனபிறகு, சேர்ப்பதற்கு நான் இருக்கவேண்டும். ஆகவே வெண்ணெயை நிறுத்திவிட்டேன். மின்தூக்கியை விட்டு மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறுகிறேன். தலைவருக்கும் இதன் மூலம் அறியத் தருகிறேன்: செயலாளர் பதவியை நான் விடுவதாக இல்லை.