சங்கரேஸ்வரி போட்ட முதல் பட்ஜெட்

குற்றாலத்தில் சீசன் இருக்கும் மூன்று மாதமும் மகாராஜாவின் ஆட்டோவுக்கு ஓய்வே கிடையாது. ஆனாலும் அக்டோபர் வந்தால் தென்காசி வீட்டு வாடகைக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. அதனால் இந்த ஜூன் முதல் தேதியிலிருந்து வீட்டுச் செலவு முழுவதையும் அவன் மனைவி சங்கரேஸ்வரி எழுதிவைத்தாள். கணவனின் டீ, பஜ்ஜிச் செலவைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து கூட்டினார்கள். டீயும் பஜ்ஜியும் அறுநூறு ரூபாய். போனில் பார்த்துப் பார்த்து அவள் வாங்கிய சேலையும் நைட்டியும் மூவாயிரத்து இருநூறு. அவள் மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

"ஏட்டி, கள்ளன் யாருன்னு தெரிஞ்சுட்டுல்லா?" என்று மகாராஜா சிரித்தான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. "சரி, ஒத்துக்கிடுதேன். இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு சேலைதான். நீங்க டீயைக் குறைக்காண்டாம்" என்றாள்.

வாரம் ஆயிரம் ரூபாயை வாடகைக்கென்று தபால் ஆபீஸில் போட முடிவு செய்தார்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட வாரம் ஒன்றும் தேறவில்லை. மற்ற வாரங்களில் விடாமல் போட்டார்கள்.

அக்டோபர் முதல் தேதியே வாடகையை நீட்டினாள். "ஏம்மா, பத்து நாள் கழிச்சுல்லா வருவன்னு நெனச்சேன்!" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி.

"நவம்பருக்கும் இருக்கு அண்ணாச்சி" என்றாள் சங்கரேஸ்வரி, கொஞ்சம் சத்தமாகவே.