குற்றாலம் லாட்ஜில் மூன்று நாள்

“பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்குன வார்டுல நின்னே, ஜெயிச்சே, சரி. சேர்மன் சீட்டு பொதுவும்மா. அங்கன ஒனக்கு என்ன சோலி?”

எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு கட்சிக்காரர் இப்படிக் கேட்டார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான், தென்காசியில் பி.காம். முடித்திருந்தேன். ஒன்றியக் கவுன்சிலராகச் சுயேச்சையாக நின்று ஜெயித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கவுன்சிலர்கள் கூடித்தான் ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தங்கள் ஆளுக்காக என் ஓட்டைக் கேட்டு வந்திருந்தார். “நானே நிக்கலாம்னு இருக்கேன் அண்ணாச்சி” என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சிரித்தார். “சின்னப்புள்ள, ஆசை இருக்கத்தான் செய்யும். நாளைக்குத் துணிமணி எடுத்துக்கிட்டு லாட்ஜுக்கு வந்துரு. அம்மாவையும் கூட்டிக்கோ” என்று எழுந்து போனார்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். எதிர்ப்பக்கம் இழுத்துவிடாமல் இருக்க, தலைவர் தேர்தல் முடியும்வரை கவுன்சிலர்களைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அடைத்துவிடுவார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெண் கவுன்சிலர்களோடு அவர்கள் வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் போகாவிட்டால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பார்கள். போனால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என்னை முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த இரண்டு பேரும் அந்த லாட்ஜில்தான் இருந்தாக வேண்டும். போனேன்.

இரண்டாம் நாள் காலை எல்லோரையும் வேனில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். சாரல் விடாமல் அடித்தது. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தபோது அந்தக் கட்சிக்காரர் குடையோடு நின்றார். “நனையாதீங்கம்மா” என்று குடையை எங்கள் பக்கம் சாய்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் அப்பா லாட்ஜ் வாசலில் வந்து நின்றார். அப்பா பேரருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வேலை நேரத்தில் அவர் இப்படி வந்ததே கிடையாது. உள்ளே கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றார்.

“ஒரு அண்ணாச்சிக்குத் தேச்சுக்கிட்டு இருந்தேன். ஏங்கை பூரா எண்ணெய். அவரே போனுல ஒரு படத்தை ஏம்மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக் காட்டுதாரு. ‘இந்தக் குட்டிதான் சேர்மன் ஆவணுமாம், பாத்தியாலே’ன்னு சிரிக்காரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அது எம் மவ அண்ணாச்சின்னேன். ஏங்கைக்குக் கீழ அவரு முதுகு கல்லு கணக்கா இறுகிட்டு.”

“விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“பாதியில எப்படி விட? முழுசும் தேச்சுட்டுத்தான் வந்தேன்.” பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “போதும்ட்டி. காலையில வாரேன். பையை எடுத்து வை.”

உள்ளே போய் அந்தக் கட்சிக்காரரிடமே படத்தைக் காட்டச் சொன்னேன். குடைக்குக் கீழே அவரும் நானும் மட்டும் இருந்தோம். அம்மாவை வெட்டி எடுத்திருந்தார்கள். ‘தலைவர் பதவிக்கு நேர்காணல்’ என்று கீழே எழுதியிருந்தது. என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர்கூடத் தெளிவாக இருந்தது.

“அரசியல்னா இதெல்லாம் உண்டும்மா” என்றார். அதே படத்தில்தான் அவரும் இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் இனிமேல் பேச்சு வந்துவிடக்கூடாது என்று அவரே ஒரு ஏற்பாடு செய்தார். பெண் கவுன்சிலர்கள் எல்லோரையும் மாடியில் ஒரே அறையில் போட்டார். வீட்டுக்காரர்களைக் கீழே இறக்கினார். எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.

அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பையில் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்திருந்தாள். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு அக்கா, அவளும் கவுன்சிலர்தான், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் அவள் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார்.

“ஏட்டி, நான் நின்னப்போ நோட்டீசுல எங்க வீட்டுக்காரரு படம் பெருசு. எம்படம் ஸ்டாம்பு கணக்கா ஓரத்துல. ஒம்படத்தையாவது பெருசாப் போட்டிருக்கானுவ.”

யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

“யாரு ஒன்னை முன்மொழியுதா?” என்று அவள் கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லக்கா.”

“நான் மொழியுதேன். ஏம்பேரை எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தெரியும். எங்க வீட்டு மனுசன் கீழதான கெடக்காரு?”

வழிமொழிய வந்தவள் துபாயில் புருஷன் இருக்கும் ஒருத்தி. கட்டிலில் படுத்தபடியே கையைத் தூக்கினாள். “அவுககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னுதான் சொல்லியிருப்பேன். போனை வாங்கிட்டானுவளே, எப்படிக் கேக்க?”

காலையில் அப்பா வந்தபோது பை இல்லாமல் கீழே இறங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். திரும்பி அருவிப் பக்கம் நடந்துவிட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் மூன்று நாளிலும் கொடுமையான நேரம்.

அன்று ஒன்றிய அலுவலகத்தில் அந்த அக்கா எழுந்து என் பெயரைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார். அவள் திரும்பவில்லை. எண்ணியபோது நான் இரண்டு ஓட்டில் தோற்றிருந்தேன்.

அந்தப் படம் இன்னும் சாகவில்லை. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு நான் மனுக் கொடுத்த அன்றும் வந்தது, எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றும் வந்தது. சட்டமன்றத்துக்கு நின்றால் தொகுதி முழுக்க வரும். எனக்கு இப்போது அதற்கான வயது ஆகிவிட்டது. சுயேச்சையாக நிற்கப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். போன வாரம் வேட்புமனுப் படிவத்தை வாங்கினேன். முதல் இரண்டு கையெழுத்தையும் அந்த இரண்டு பேரிடமே போய் வாங்கினேன்.

அதோடு வீட்டுக்குப் போகாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை அப்பா யாருடைய போனிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை நனையாமல் துப்பட்டாவுக்குள் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய், சட்டமன்றத்துக்கு நிற்கப்போவதைச் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

“இரு. இவரு முதுகை முடிச்சுக்கிடுதேன். எங்கன கையெழுத்துப் போடணும்னு காட்டு.”